25 ரூபாய்ப் பங்கு: நண்பர்கள் பணத்தில் ஓடிய கப்பல்

கடன் கேட்டு வங்கிக்குப் போகும் ஒருவரிடம் முதலில் கேட்கப்படும் கேள்வி என்ன? "ஈடு என்ன வைக்கிறீர்கள்?" என்பதுதான். நிலம், வீடு, நகை... இவை எதுவும் இல்லாதவருக்கு மிஞ்சுவது நண்பர்கள். ஆனால் நண்பர்களின் பணத்தை நம்பி எவ்வளவு தூரம் போக முடியும்? ஒரு பெட்டிக்கடை வைக்கலாம். ஒரு கப்பல் கம்பெனி நடத்த முடியுமா?

முடியும் என்று 1906-ல் தூத்துக்குடியில் ஒருவர் காட்டினார். அந்தப் பணம் எங்கே போய் நின்றுவிடும் என்பதையும் அவருடைய வாழ்க்கையே காட்டியது. கப்பலோட்டிய தமிழன் வ.உ.சிதம்பரம் பிள்ளையின் தியாகம் எல்லோருக்கும் தெரியும். பள்ளிப் புத்தகத்தில் செக்கிழுத்த படம் இருக்கும். ஆனால் அந்தக் கதையின் இன்னொரு பக்கம் வரவு செலவுக் கணக்கு. அதைப் பற்றியதுதான் இந்தக் கட்டுரை.

முத்துக் குளித்தவன் ஒருவன், முதல் போட்டவன் ஒருவன்

தூத்துக்குடிக்கு 'முத்து நகர்' என்று பெயர். மன்னார் வளைகுடாவின் முத்துக்காகப் பாண்டியர்களும், பின்பு போர்ச்சுக்கீசியர்களும், 1658-க்குப் பிறகு டச்சுக்காரர்களும், அவர்களுக்குப் பின் ஆங்கிலேயர்களும் இந்தக் கரையைப் பிடித்து வைத்திருந்தார்கள். மூச்சைப் பிடித்துக்கொண்டு கடலடிக்குப் போனவர்களில் பெரும்பாலோர் பரதவர்கள். அவர்களுக்குக் கிடைத்தது எடுத்த சிப்பிகளில் ஒரு பங்கு மட்டுமே. பெரிய பங்கு அரசாங்கத்துக்குப் போனது. அதை ஏலத்தில் எடுத்துப் பணம் பார்த்தவர்கள் வியாபாரிகள்.

உழைப்பு ஒருவரிடம், உரிமை இன்னொருவரிடம், முதல் மூன்றாமவரிடம்! அரசாங்கம் நடத்திய கடைசி முத்துக்குளிப்பு 1961-ல் முடிந்தது. அதுவரை இந்த அமைப்பு பெரிதாக மாறவில்லை.

கப்பல் போக்குவரத்திலும் இதே நிலைமைதான். தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்குப் போகும் சரக்கு தமிழ் வியாபாரிகளுடையது. போகிற பயணிகளும் தமிழர்கள், அதிலும் பெரும்பாலும் தேயிலைத் தோட்டங்களுக்குப் போகும் ஏழைகள். கடல் ஆழமில்லாததால் கப்பல் கரையிலிருந்து சில மைல் தள்ளி நிற்கும். அங்கே அவர்களைத் தோணியில் கொண்டுபோய் ஏற்றியதும் உள்ளூர்க்காரர்கள். கப்பல் மட்டும் பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனியுடையது. சுருக்கமாக பி.ஐ. கம்பெனி. வாடகையும் கட்டணமும் அவர்கள் வைத்ததுதான்.

40,000 பங்குகள்

1872 செப்டம்பர் 5 அன்று ஒட்டப்பிடாரத்தில் பிறந்த வ.உ.சி. ஒரு வக்கீல். பரம்பரைக் கப்பல் முதலாளி அல்ல. 1900-ல் தூத்துக்குடிக்கு வந்து தொழில் நடத்திக்கொண்டிருந்தார். 1905 வங்கப் பிரிவினைக்குப் பிறகு எழுந்த சுதேசி அலை அவரையும் பிடித்துக்கொண்டது. சுதேசிப் பொருள் என்றால் துணியும் உப்பும் மட்டும்தானா, கப்பலும் சுதேசியாக இருந்தால் என்ன என்று அவர் நினைத்தார்.

1906 அக்டோபர் 16 அன்று 'சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனி' பதிவானது. மூலதனம் 10 லட்சம் ரூபாய். ஒரு பங்கு 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். இந்தியர்கள், இலங்கையர்கள், மற்ற ஆசியர்கள் மட்டுமே பங்கு வாங்கலாம் என்பது விதி.

இந்த 25 ரூபாயைச் சற்றுக் கவனியுங்கள். ஒரு பங்கு 1,000 ரூபாய் என்று வைத்திருந்தால் 1,000 பணக்காரர்களைத் தேடினால் போதும், வேலை சுலபம். ஆனால் வ.உ.சி.க்குத் தேவைப்பட்டது பணம் மட்டுமல்ல. பங்கு வாங்கியவர் கட்டணம் எட்டணா அதிகமானாலும் தன் கப்பலில்தானே சரக்கு ஏற்றுவார்? பங்குதாரரே வாடிக்கையாளர்! இன்று வணிகவியல் வகுப்பில் கூட்டுறவு பற்றிப் படிக்கும்போது சொல்லப்படும் அதே தத்துவம்தான்.

கம்பெனியின் தலைவர் பாண்டித்துரைத் தேவர். 1901-ல் மதுரைத் தமிழ்ச் சங்கத்தை நிறுவிய பாலவநத்தம் ஜமீந்தார் அவர். தமிழ்தான் அவருக்கும் வ.உ.சி.க்கும் உறவு. செயலாளர் ஹாஜி முகமது பக்கீர் சேட். அவர் ஒருவரே 8,000 பங்குகளுக்கு 2 லட்சம் ரூபாய் கொடுத்தார். மொத்த மூலதனத்தில் ஐந்தில் ஒரு பங்கு ஒரே நண்பரின் கையெழுத்தில் வந்தது. கம்பெனியின் உயிர்நாடியான வ.உ.சி. வகித்த பதவியோ உதவிச் செயலாளர். சென்னையில் நண்பர் பாரதியார் 'இந்தியா' பத்திரிகையில் கம்பெனிக்கு ஆதரவாக எழுதினார்.

அதே வாரத்தில் சென்னையில்...

கம்பெனி பதிவாகி ஆறே நாள். 1906 அக்டோபர் 22 அன்று சென்னையின் ஆர்பத்நாட் கம்பெனி பணம் கொடுக்க முடியாமல் கதவை மூடியது. வெள்ளைக்காரர் நடத்திய பெரும் நிறுவனம் அது. ஓய்வு பெற்றவர்களும் விதவைகளும் கோயில்களும் நம்பிப் பணம் போட்டிருந்த இடம். ஆயிரக்கணக்கான குடும்பங்களின் சேமிப்பு ஒரே நாளில் மூழ்கிப் போனது.

இதிலிருந்து இரண்டு விஷயங்கள் பிறந்தன. ஒன்று, நம் பணத்துக்கு நம் வங்கி வேண்டும் என்ற எண்ணம். வி.கிருஷ்ணசாமி ஐயர் முதலியோர் முயன்று 1907-ல் இந்தியன் வங்கியைத் தொடங்கினார்கள். இன்னொன்று பயம். இருந்த பணத்தைப் பலர் இழந்துவிட்ட நேரத்தில், இதுவரை யாரும் நடத்திப் பார்க்காத ஒரு கப்பல் கம்பெனிக்கு 25 ரூபாய் கொடு என்று கேட்க வேண்டியிருந்தது. அந்தச் சூழ்நிலையில் பங்கு விற்பது எவ்வளவு கஷ்டம் என்று யோசித்துப் பாருங்கள்!

வாடகைக் கப்பலும் சொந்தக் கப்பலும்

முதலில் கம்பெனிக்குச் சொந்தக் கப்பல் இல்லை. பம்பாயின் ஷா லைன் நிறுவனத்திடம் வாடகைக்கு எடுத்து ஓட்டினார்கள். பி.ஐ. கம்பெனி ஷா லைனை மிரட்ட, வாடகைக் கப்பல் பாதியில் நின்றது. வ.உ.சி. உடனே இலங்கையிலிருந்து வேறொரு கப்பலை வாடகைக்குப் பிடித்து நிலைமையைச் சமாளித்தார். அடுத்தவர் கப்பலை நம்பினால் இதுதான் கதி என்று புரிந்தது. சொந்தக் கப்பல் வாங்கப் பம்பாய்க்குப் புறப்பட்டார்.

1907-ல் 'எஸ்.எஸ். காலியா' வந்தது. அதைத் தொடர்ந்து 'எஸ்.எஸ். லாவோ'வும் வந்தது. காலியாவில் 1,300-க்கும் மேற்பட்ட பயணிகளும் 4,000 மூட்டைச் சரக்கும் ஏற்றலாம். அன்று தூத்துக்குடிக் கடற்கரையில் திரண்ட கூட்டத்தில் எத்தனை பேர் 25 ரூபாய் கொடுத்தவர்களோ! அவர்கள் கண்ணுக்கு அது வெறும் கப்பலாகவா தெரிந்திருக்கும்?

குடை இலவசம்

பி.ஐ. கம்பெனி திருப்பி அடித்தது. கொழும்புக் கட்டணத்தை ஒரு ரூபாயாகக் குறைத்தது. சுதேசிக் கம்பெனி எட்டணா ஆக்கியது. பி.ஐ. கம்பெனி அதற்கும் ஒரு படி மேலே போய், பயணம் இலவசம், கூடவே ஒரு குடையும் இலவசம் என்று அறிவித்தது!

இதைச் சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் கணக்கு சிரிக்கவில்லை. பி.ஐ. கம்பெனிக்குப் பல துறைமுகங்கள், பல பாதைகள். தூத்துக்குடியில் விட்டதை வேறெங்கோ பிடித்துக்கொள்ளும். சுதேசிக் கம்பெனிக்கு இருந்தது ஒரே பாதை. கப்பல் காலியாகப் போனாலும் நிலக்கரிச் செலவு உண்டு, மாலுமிகளுக்குச் சம்பளம் உண்டு. பங்குப் பணம் கப்பல் வாங்குவதிலேயே போய்விட்டது. நடைமுறைச் செலவுக்கும் நட்டத்தைத் தாங்குவதற்கும் தனியாகப் பணம் வேண்டும். அதை யார் கொடுப்பார்கள்? பெரிய வங்கிகளெல்லாம் வெள்ளைக்காரர் கையில். நண்பர்களோ ஏற்கெனவே கொடுத்துவிட்டார்கள்.

நண்பர்கள் பணத்தின் பலவீனம் இங்கேதான் இருக்கிறது. நண்பர் ஒருமுறை கொடுப்பார். மனம் நெகிழ்ந்து இரண்டாம் முறையும் கொடுப்பார். மாதா மாதம் வரும் நட்டத்துக்கு யாரால் கொடுக்க முடியும்? விலைப் போரில் கடைசியில் ஜெயிப்பது நல்ல கப்பல் வைத்திருப்பவர் அல்ல, அதிக நாள் நட்டப்படக் கூடியவர்.

18 மாதமும் 40 ஆண்டும்

இருந்தாலும் கம்பெனி வியாபாரத்தில் மட்டும் தோற்றது என்று சொன்னால் அது பொய். 1908 பிப்ரவரி கடைசியில் கோரல் மில் தொழிலாளர்கள் வேலை நிறுத்தம் செய்தார்கள். வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் முன்னின்றார்கள். மில்லை நடத்திய ஹார்வி நிறுவனமே தூத்துக்குடியில் பி.ஐ. கம்பெனிக்கும் ஏஜெண்ட். தொழிலாளர்கள் கூலி உயர்வும் ஞாயிறு விடுமுறையும் பெற்று ஜெயித்தார்கள். அடுத்த சில நாட்களில், மார்ச் 12 அன்று, இருவரும் கைது செய்யப்பட்டார்கள். மறுநாள் திருநெல்வேலி கொந்தளித்தது. போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் நான்கு பேர் இறந்தார்கள்.

1908 ஜூலை 7 அன்று நீதிபதி பின்ஹே தீர்ப்புச் சொன்னார். ராஜத்துரோகத்துக்கு 20 ஆண்டு, சிவாவுக்கு உடந்தையாக இருந்ததற்கு 20 ஆண்டு. அப்போது வ.உ.சி.க்கு வயது 35. மேல்முறையீட்டில் அது 6 ஆண்டாகக் குறைந்தது.

இதோடு ஒப்பிட இன்னொரு தீர்ப்பும் உண்டு. ஆர்பத்நாட் கம்பெனியின் சர் ஜார்ஜ் ஆர்பத்நாட்டுக்கு, ஆயிரக்கணக்கானோரின் பணம் போன வழக்கில், கிடைத்த தண்டனை 18 மாதம்! இரண்டும் வேறு வேறு குற்றச்சாட்டுகள்தான். ஆனாலும் அன்றைய அரசாங்கம் எதை எவ்வளவு பெரிய குற்றமாக நினைத்தது என்பதற்கு இந்த இரண்டு எண்களே போதும்.

ஓட்டியவர் கோயம்புத்தூர்ச் சிறையிலும் கண்ணனூர்ச் சிறையிலும் இருக்க, கம்பெனி தள்ளாடியது. 1911-ல் கலைக்கப்பட்டு, சொத்துக்கள் விற்கப்பட்டன. 25 ரூபாய் போட்டவர்கள் கனவோடு சேர்த்துப் பணத்தையும் இழந்தார்கள்.

347 ரூபாய் 12 அணா

1912 டிசம்பரில் வ.உ.சி. விடுதலையானார். வக்கீல் உரிமம் போயிருந்தது. மனைவி மீனாட்சி அம்மாளுடனும் குழந்தைகளுடனும் சென்னையில் குடியேறினார். மளிகைக் கடை வைத்தார், மண்ணெண்ணெய் விற்றார். எதுவும் சரிப்படவில்லை.

அப்போதும் கைகொடுத்தது நண்பர்கள்தான். தென்னாப்பிரிக்காவில் இருந்த வேதியப்பிள்ளை என்பவர் அங்குள்ள தமிழர்களிடம் திரட்டி உதவினார். அப்படித் திரட்டிய ஒரு தொகை காந்தியடிகள் மூலமாக வ.உ.சி.க்கு வர வேண்டியிருந்தது. 1915-ல் காந்தியடிகள் இந்தியா திரும்பிய பிறகு இருவருக்கும் இதைப் பற்றிக் கடிதங்கள் நடந்தன. பணம் கைக்கு வந்தது 1916 தொடக்கத்தில். தொகை 347 ரூபாய் 12 அணா. வரலாற்றாசிரியர் ஆ.இரா.வேங்கடாசலபதி இந்தக் கடிதங்களை வைத்து ஒரு புத்தகமே எழுதியிருக்கிறார்.

ஒரு காலத்தில் 10 லட்ச ரூபாய்க் கம்பெனியை நடத்தியவர், இந்த 347 ரூபாய்க்காக மாதக் கணக்கில் காத்திருந்தார். தன் இப்போதைய நிலையில் அதை வேண்டாம் என்று சொல்ல முடியாது என்பதை அவர் மறைக்கவும் இல்லை.

நண்பர்கள் கொடுத்ததை அவர் மறக்கவில்லை. மகளுக்கு வேதவல்லி என்று பெயர் வைத்தது வேதியப்பிள்ளையின் நினைவாக. மகனுக்கு வாலேசுவரன் என்று வைத்தது, உரிமத்தைத் திரும்பக் கிடைக்கச் செய்த ஆங்கிலேய நீதிபதி வாலஸ் நினைவாக. பணத்தால் திருப்பித் தர முடியாத கடனைக் குழந்தைகளின் பெயரில் எழுதி வைத்தார். 1936 நவம்பர் 18 அன்று தூத்துக்குடியில் அவர் இறந்தபோது, விட்டுப் போன உயிலில் கடைகளுக்குக் கொடுக்க வேண்டிய சில்லறைப் பாக்கிகள்கூடக் குறிக்கப்பட்டிருந்தன.

கடலுக்கு அப்பால் ஒரு பெண்

இது வ.உ.சி. ஒருவரின் தலைவிதி மட்டும்தானா? ஏறத்தாழ அதே ஆண்டுகளில் அமெரிக்காவிலும் இதே போன்ற ஒரு போராட்டம் நடந்தது. அங்கே முன்னின்றது ஒரு கறுப்பினப் பெண்.

மேகி லீனா வாக்கர், 1864-ல் வர்ஜீனியா மாநிலத்தின் ரிச்மண்டில் பிறந்தவர். தாய் துணி வெளுத்துப் பிழைத்தவர், முன்பு அடிமையாக இருந்தவர். கறுப்பர்களுக்கு, அதிலும் பெண்களுக்கு, வெள்ளையர் வங்கி எதற்குக் கடன் கொடுக்கப் போகிறது? மேகி 'செயின்ட் லூக்' என்ற பரஸ்பர உதவிச் சங்கத்தில் சேர்ந்து 1899-ல் அதன் தலைமைக்கு வந்தார். நோய்க்கும் சாவுக்கும் உதவ உறுப்பினர்கள் சிறு சிறு தொகை கட்டும் சங்கம் அது. 1903-ல் அந்தச் சங்கத்தின் பேரில் ஒரு சேமிப்பு வங்கியைத் தொடங்கினார். அமெரிக்காவில் ஒரு வங்கிக்கு உரிமம் பெற்றுத் தொடங்கிய முதல் பெண் அவர்தான். பெயரிலேயே 'பென்னி' இருந்தது. வீட்டு வேலை செய்யும் பெண்களும் துணி வெளுப்பவர்களும் காசு காசாகப் போட்டார்கள்.

1905-ல் அவரும் சங்கத்துப் பெண்களும் சேர்ந்து ஒரு பெரிய ஜவுளிக் கடையும் திறந்தார்கள். கறுப்பினப் பெண்களே அங்கே விற்பனையாளர்கள். வெள்ளை வியாபாரிகள் என்ன செய்தார்கள் தெரியுமா? சங்கம் அமைத்து, அந்தக் கடைக்குச் சரக்குக் கொடுக்கக் கூடாது என்று மொத்த வியாபாரிகளை நெருக்கினார்கள். ஷா லைனுக்கு நடந்தது நினைவுக்கு வருகிறதா? ஏழு ஆண்டுகளுக்குள் கடை மூடப்பட்டது. ஆனால் வங்கி நின்றது. 1930-ல் பெரும் பொருளாதார மந்தத்தின் நடுவே வேறு கறுப்பர் வங்கிகளோடு இணைந்து தப்பித்தது.

கடை போனது, வங்கி நின்றது. ஏன்? கடை ஒரே எதிரியோடு நேருக்கு நேர் மோதியது. வங்கிக்கு ஆயிரம் கைகளிலிருந்து வாரா வாரம் காசு வந்துகொண்டிருந்தது. நண்பர் ஒருமுறை தரும் பெருந்தொகை வேறு, பழக்கமாகிப் போன சிறு சேமிப்பு வேறு.

தூத்துக்குடி கற்றுக்கொண்ட பாடம்

தூத்துக்குடிக்கும் இந்தப் பாடம் பத்தே ஆண்டுகளில் வந்து சேர்ந்தது. சுதேசிக் கம்பெனி கலைந்த 1911-க்குப் பின் 1921-ல் அதே ஊரில் 'நாடார் வங்கி' பிறந்தது. கோயில் நுழைவு மறுக்கப்பட்டு, 1899 சிவகாசிக் கலவரத்தையும் பார்த்த சமூகம் அது. வெளியே கடன் கிடைக்காத வியாபாரிகள் ஏற்கெனவே 'மகமை' என்று சரக்குக்கு இவ்வளவு என ஒதுக்கிப் பொதுப் பணம் சேர்த்துப் பழகியிருந்தார்கள். அந்தப் பழக்கம்தான் வங்கியானது. 1962-ல் 'தமிழ்நாடு மெர்க்கன்டைல் பேங்க்' என்று பெயர் மாறியது. 2022 செப்டம்பரில் பொதுமக்களுக்குப் பங்கு வெளியிட்டது. தலைமையகம் இன்றும் தூத்துக்குடிதான்.

ஆனால் இதில் ஒரு குறையையும் சொல்லியாக வேண்டும். நண்பர்கள் பணம், சாதிப் பணம், சங்கப் பணம்... எல்லாவற்றுக்கும் ஒரு எல்லைக்கோடு உண்டு. கோட்டுக்கு உள்ளே இருப்பவருக்குத்தான் அது கிடைக்கும். காசுள்ள நண்பர்களே இல்லாதவர் என்ன செய்வார்? கருவாட்டுக் கூடை சுமக்கும் பெண்ணின் தோழியும் கருவாட்டுக் கூடைதானே சுமக்கிறாள்?

அதற்கும் வழி கண்டவர்கள் பெண்களே. 1974-ல் அகமதாபாத்தில் தெருவோர வியாபாரமும் கூலி வேலையும் செய்த 4,000 பெண்கள் ஆளுக்கு 10 ரூபாய் போட்டு 'சேவா' கூட்டுறவு வங்கியைத் தொடங்கினார்கள். 1989-ல் தர்மபுரியில் தொடங்கிய மகளிர் சுய உதவிக் குழு இன்று தமிழ்நாட்டில் இல்லாத கிராமம் இல்லை. இங்கே நட்பே ஈடு. ஒருத்தி கட்டத் தவறினால் மற்றவர்கள் பொறுப்பு.

இருந்தும் பெரிய முதல் இன்னும் எளிதில் வருவதில்லை. அமெரிக்காவில் புதுத் தொழில்களுக்குப் போகும் முதலீட்டில் கறுப்பினப் பெண்களுக்குக் கிடைப்பது ஒரு சதவீதத்துக்கும் குறைவு. அதனால் அட்லாண்டாவில் 2019-ல் 'ஃபியர்லெஸ் ஃபண்ட்' என்ற நிதியம் பிறந்தது. அது கறுப்பினப் பெண்களின் தொழில்களுக்கு 20,000 டாலர் நன்கொடை தந்தது. இது இனப் பாகுபாடு என்று 2023-ல் வழக்குப் போட்டார்கள். 2024-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் நிதியத்துக்கு எதிராகச் சொல்ல, அந்த நன்கொடைத் திட்டம் மூடப்பட்டது. ஒதுக்கப்பட்டவர்கள் தங்களுக்குள் பணம் திரட்டினால் அது குற்றமா உரிமையா என்ற விவாதம் 1906-ல் ஆசியர்களுக்கு மட்டும் பங்கு என்று எழுதிய கம்பெனிக்கும் புதிதல்ல.

தூத்துக்குடித் துறைமுகம் 1974-ல் பெருந்துறைமுகமானது. 2011-ல் வ.உ.சிதம்பரனார் துறைமுகம் என்று பெயர் சூட்டப்பட்டது. அந்தப் பெயரைப் பார்க்கும்போது காலியாவும் லாவோவும் நினைவுக்கு வருவது இயல்பு. கூடவே 8,000 பங்கு வாங்கிய பக்கீர் சேட்டையும், தென்னாப்பிரிக்காவிலிருந்து காசு அனுப்பியவர்களையும், ஒரே ஒரு 25 ரூபாய்ப் பங்கு வாங்கிவிட்டுக் கடைசிவரை அந்தப் பணத்தைத் திரும்பப் பார்க்காத பெயர் தெரியாத மனிதர்களையும் நினைத்துக்கொள்ளலாம். அவர்கள் போட்டது நட்டம் என்றுதான் கணக்குப் புத்தகம் சொல்லும். ஆனால் அது நட்டம்தானா?